யானை, ஓலை, கட்டன் டீ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் நீலகிரியிலிருந்துதான். ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தை வருகிறது: "சொல்கிறார்கள்". கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படிச் சட்டமாம், சொல்கிறார்கள். யார் சொன்னது என்று துருவினால் பெரியம்மா, பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டு அக்கா, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர். பங்குத்தந்தையிடம் கேட்டீர்களா என்றால், ஐயோ, அவர் கோபப்படுவார்! சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் திருச்சபைச் சட்டம் முறையாகப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி டீச்சர், நடுவில் இரண்டு தடவை பங்குப் பேரவை, அதாவது கோயில் ஆலோசனைக் குழு. அங்கே வாங்கிய திட்டுகள்தான் என் படிப்பு.

எனக்கு 26 வயது, லேப் டெக்னீஷியன். நான் திருமணம் செய்ய நினைப்பவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியை (படுகர் கிராமம்) சேர்ந்த படுகர், இந்து. அவர் ஞானஸ்நானம் வாங்கினால்தான் கோயிலில் தாலி கட்ட விடுவார்கள் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். அவர் வீட்டில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் அவரைக் கட்டாயப்படுத்த மனமில்லை. அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.
வாசகி, குன்னூர்

அத்தை சொல்வது சட்டம் இல்லை, தங்கச்சி. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் கோயிலிலேயே மணக்கலாம். அதற்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடந்தால் சபையின் பார்வையில் அந்தத் திருமணம் செல்லாது என்பதால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் நியாயமான காரணம் சொல்லி முறையாகக் கேட்டால் கிடைக்கிற விஷயம். உங்கள் பங்குத்தந்தையே விண்ணப்பம் எழுதி ஊட்டி ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். நீங்கள் இரண்டு வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் விசுவாசத்தை விட மாட்டீர்கள் என்பது ஒன்று, பிறக்கிற பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க முறையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க உங்களால் முடிந்ததையெல்லாம் செய்வீர்கள் என்பது இன்னொன்று. அவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை, நீங்கள் கொடுத்திருக்கும் வாக்கு என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கினார்கள், 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். அத்தை யாருடைய கல்யாணத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறாரோ!

கல்யாணத்துக்காக ஒருவரை ஞானஸ்நானம் வாங்க வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு அவர்களே விரும்பிக் கேட்டால்தான் ஞானஸ்நானம் என்று சட்டமே சொல்கிறது. நான் பார்த்த ஒரு மாப்பிள்ளை மூன்று மாதத்தில் செபமெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்து, புதுப்பெயர் வாங்கி, கல்யாணம் முடிந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வந்தார், அப்புறம் மனைவியை இறக்கிவிட்டுவிட்டு கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றுகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை அப்படி நிற்க வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

சடங்கு பற்றி. உங்கள் மாதிரித் திருமணத்தைப் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல், வாசகம், மன்றாட்டு, சம்மதம் வாங்குதல், தாலி மந்திரித்துக் கட்டுதல் என்று நடத்துவார்கள். பூசை இல்லையே, இது அரைக் கல்யாணமா என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், முழுக் கல்யாணம்தான். நாட்டுச் சட்டத்திலும் சிக்கல் இல்லை. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அதே திருமணத்துக்கு இன்னொரு மதச் சடங்கில் மறுபடியும் சம்மதம் கொடுப்பதைச் சபை அனுமதிப்பதில்லை, முன்னாலும் சரி, பின்னாலும் சரி. ஆனால் ஹட்டியில் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவது, ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுவது, அவர்கள் முறைப்படி வெள்ளை உடுத்திக்கொண்டு ஆடுவது இதெல்லாம் இரண்டாவது கல்யாணம் ஆகிவிடாது. எது ஆசி, எது சம்மதம் என்பதை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் ஃபாதரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மண்டபம் பிடிக்கும் முன்னால் போங்கள்! இங்கே எல்லாரும் முதலில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், பத்திரிகை அடிக்கிறார்கள், அப்புறம் மூன்று ஓலைக்கும் (கோயிலில் மூன்று முறை வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) விதிவிலக்குக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் நாள் போதவில்லை என்று பங்கு அலுவலகத்தில் நின்று அழுகிறார்கள்.

அப்பா விஷயம் எனக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் அவர் பேசாமல் இருப்பது மகள் மதம் மாறிவிடுவாளோ என்ற பயமா, ஊர் என்ன சொல்லும் என்ற பயமா என்று கண்டுபிடியுங்கள். முதலாவது என்றால் நீங்கள் கொடுக்கப்போகும் அந்த இரண்டு வாக்கை அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது என்றால் கொஞ்சம் நாள் ஆகும்.

மாமியாருக்கு 81 வயது, சர்க்கரை வியாதி. காலை 7 மணிப் பூசைக்குக் கிளம்பும் முன் மாத்திரை, ஒரு கட்டன் டீ, இரண்டு பிஸ்கட். இந்தக் குளிரில் அதில்லாமல் அவரால் நடக்க முடியாது. நன்மை (பூசையில் தரும் நற்கருணை) வாங்கக் கூடாது என்று பின்வரிசையில் இருக்கும் ஒருவர் சொல்கிறார்.
வாசகி, அருவங்காடு

வாங்கலாம். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் உணவு, பானம் வேண்டாம் என்பதுதான் விதி, அதில் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரக் கணக்குகூடக் கிடையாது. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சலுகை உண்டு, ஆக உங்களுக்கும் ஒரு டீ நியாயம்தான். பின்வரிசைக்காரர் 1950-களில் இருக்கிறார். அப்போது நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. 1953-ல் தண்ணீருக்கு விலக்கு வந்தது, 1957-ல் மூன்று மணி நேரம் என்று குறைந்தது, 1964-ல் ஒரு மணி நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து பறிக்கக் கூப்பிடுகிறார்கள், கிலோவுக்குத்தான் கூலி. போகாவிட்டால் அன்றைய காசு போச்சு. பூசையை விட்டால் பாவம்தானே?
வாசகி, கொலக்கம்பை

சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறுக் கடனுக்குச் செல்லும், அக்கா. உங்கள் பங்கில் அது இல்லையென்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள், கொழுந்து அதிகம் வரும் மாதங்களுக்கு மட்டுமாவது. அதற்கும் வழியில்லாமல் வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறவரைச் சபை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை.

பந்தலூர் பக்கம் எங்களுடையது ஒரு சின்னக் கிளைக்கோயில். எஸ்டேட் லைன்களிலிருந்து இருட்டில் நடந்துதான் வர வேண்டும், வழியில் யானை நிற்கிறது. போன கிறிஸ்துமஸுக்குப் பாதிப் பேர் வரவில்லை. இந்த வருடம் நள்ளிரவுப் பூசையைச் சாயங்காலம் 7 மணிக்கு வைக்கலாம் என்று ஃபாதர் சொல்கிறார். 12 மணிக்கு இல்லாமல் அது எப்படி நள்ளிரவுப் பூசை ஆகும் என்று பெரியவர்கள் சண்டை.
வாசகர், கூடலூர் வட்டம்

பூசைப் புத்தகத்தில் அதற்கு "இரவுத் திருப்பலி" என்றுதான் பெயர். 12 மணி என்பது நமக்குப் பிரியமான வழக்கம். எனக்கும் பிரியம்தான், மணி அடித்துக் குழந்தை இயேசு சுரூபத்தைத் திறக்கும்போது வாயிலிருந்து புகை புகையாகக் குளிர் வரும், அதில் ஒரு சுகம். ஆனால் ரோமில் புனித பேதுரு பேராலயத்திலேயே 2009-ல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதை இரவு 10 மணிக்கு மாற்றினார். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது 7.30-க்கே நடந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்காகப் பாப்பரசரே நேரம் மாற்றினால், ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிற யானைக்காக நாம் மாற்றக் கூடாதா?

சாயங்காலம் 7 மணிக்கு வைத்தால் திரும்பிப் போவதும் இருட்டில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஜீப் ஏற்பாடு செய்ய முடியுமா, வனத்துறைக்காரர்களிடம் அன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல ஓர் ஆளை வைக்க முடியுமா என்று பாருங்கள். 7 மணியா 12 மணியா என்று சண்டை போடும் நேரத்தில் இதைப் பேசலாம். அப்படியும் வர முடியாத குடும்பங்கள் லைனிலேயே நாலு வீடு கூடி நற்செய்தி வாசித்துச் செபம் சொல்லுங்கள்; கடுமையான காரணத்தால் பூசைக்குப் போக முடியாதவர்களுக்குச் சட்டம் காட்டும் வழியே அதுதான். இரவில் தனியாக நடந்து வந்து தன் பக்தியை யானைக்கு நிரூபிக்க வேண்டியதில்லை யாரும்.

அப்பா 1958-ல் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 16 வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். தன் தங்கையின் பேரனுக்கு ஞானத்தந்தையாக நிற்க ஆசைப்படுகிறார். பங்கில் ஞானஸ்நானச் சான்றிதழும் உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) சான்றிதழும் கேட்கிறார்கள். எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. இவ்வளவு நாள் நான் கிறிஸ்தவனாக இருந்ததற்குச் சாட்சி இல்லையா என்று சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார்.
வாசகர், கோத்தகிரி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்ததைப் பிரிக்கவே இல்லை. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்படிக் கப்பல் ஏறி வந்தவர்களில் எத்தனையோ குடும்பம் இந்த மலையில்தான் மறுபடி தேயிலைச் செடியைப் பிடித்தது. தகரப்பெட்டிக்குள் அந்தோணியார் சுரூபத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஞானஸ்நானச் சீட்டு எடுத்துவர யாருக்கு நினைவு இருந்திருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்பதே அன்றைக்குப் பெரிய கவலை.

அப்பாவிடம் உடனே சொல்லுங்கள், சாட்சி இருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 876-ஆம் எண், ஞானஸ்நானத்தை நிரூபிக்க யாருக்கும் பாதகம் இல்லாத இடத்தில் நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதும் என்கிறது. உறுதிபூசுதலுக்கும் அதே முறை, அது 894-ஆம் எண். அப்பாவின் அக்காவோ சித்தியோ, கூடவே கப்பலில் வந்த ஒரு பெரியவரோ உயிரோடு இருந்தால் பங்குத்தந்தை முன்னால் வந்து, ஆமாம், இவனுக்குத் தண்ணீர் ஊற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கைநாட்டு என்றாலும் சரி. இன்னொரு வழியும் உண்டு, மெதுவான வழி. நுவரெலியா கண்டி மறைமாவட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர், அப்பாவின் அப்பா அம்மா பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதி உங்கள் ஃபாதர் மூலமாகக் கேட்டுப் பார்க்கலாம். பெயரை நாலு விதமாக எழுதிக் கொடுங்கள், அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளை காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் ஏறியது. அந்தோணி அந்தனியாகவும் அந்தோனிப்பிள்ளையாகவும் இருப்பார்.

உறுதிபூசுதல் ஒருவேளை வாங்கவே இல்லை என்று தெரிந்தால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞானப்பெற்றோருக்கு அது கட்டாயம் என்பதால் கேட்கிறார்கள், அடுத்த முறை ஆயர் வரும்போது பிள்ளைகளோடு வரிசையில் நிற்கலாம். போன முறை எங்கள் பங்கில் பேத்தியும் தாத்தாவும் ஒன்றாக நின்றார்கள், தாத்தாதான் பதற்றத்தில் தன் உறுதிபூசுதல் பெயரை மறந்துவிட்டார். சான்றிதழ் கேட்டவர்களையும் திட்டாதீர்கள், கேட்பது அவர்கள் வேலை. இல்லை என்றதும் அடுத்த வழியைச் சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு.

காந்தல் குருசடி (சிலுவைக் கோயில்) திருவிழா மே மாதம் நடக்கிறது. ஆனால் காலண்டரில் திருச்சிலுவைத் திருநாள் செப்டம்பர் 14 என்று போட்டிருக்கிறது. எது சரி? பந்தயம் கட்டியிருக்கிறோம்.
வாசகர், ஊட்டி

பந்தயத்தில் இரண்டு பேரும் ஜெயித்தீர்கள், பணத்தைக் காந்தல் உண்டியலில் போடுங்கள். பழைய நாட்காட்டியில் சிலுவைக்கு இரண்டு திருநாள் இருந்தது. மே 3, புனித எலேனா மெய்யான சிலுவையைக் கண்டெடுத்ததை நினைக்கிற நாள். செப்டம்பர் 14, சிலுவையின் மகிமை நாள், அதன் வேர் எருசலேமில் 335-ல் நடந்த கல்லறைக் கோயில் நேர்ந்தளிப்பு விழா வரை போகிறது. 1960-ல் பொது நாட்காட்டியைச் சுருக்கியபோது மே 3 திருநாளை எடுத்துவிட்டார்கள், இப்போது அந்த நாள் திருத்தூதர்கள் பிலிப்பு, யாக்கோபுக்கு உரியது. ஆனால் பழைய நாளை விடாத குருசடிகளும் ஊர்களும் உலகம் முழுக்க உண்டு. மலைக்கு மே மாதம் தோதும்கூட. செப்டம்பரில் மழையில் தேர் இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பங்கில் திருவிழா வரி குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்ததால் இரண்டு வருடம் எங்களால் கட்ட முடியவில்லை. மாமனார் இறந்தபோது பாக்கியைக் கட்டினால்தான் கல்லறையில் குழி வெட்ட விடுவோம் என்று விழாக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கடன் வாங்கிக் கட்டினோம். இது சரியா? ஊர்ப் பெயர் போட வேண்டாம்.
பெயர் வேண்டாத வாசகர்

சரியில்லை. இதில் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச ஒன்றுமே இல்லை. அடக்கச் சடங்கில் ஆளுக்கு ஒரு நீதி கூடாது, ஏழைகளுக்கு முறையான அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1181-ஆம் எண் சொல்கிறது. வறுமையின் காரணமாக அருளடையாளங்களின் உதவி யாருக்கும் கிடைக்காமல் போகக் கூடாது என்று 848-ஆம் எண் சொல்கிறது. திருவிழா வரி என்பது சபைச் சட்டத்திலேயே கிடையாது, அது ஊர் கூடிப் போட்டுக்கொண்ட தலைக்கட்டு வரி. அதை வைத்துக் குழி வெட்டுவதைத் தடுக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை.

முதல் கேள்வி, இது பங்குத்தந்தைக்குத் தெரியுமா? பல இடங்களில் கமிட்டிக்காரர்கள் வாசலில் நின்று பேசி முடித்துவிடுவார்கள், உள்ளே இருப்பவருக்கு அடக்கப் பூசைக்கு நேரம் மட்டும்தான் வந்து சேரும். தேதி, தொகை, சொன்னவர் யார், ரசீது இருந்தால் ரசீது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மறைமாவட்ட முதன்மைக் குருவுக்கு, அப்புறம் ஆயருக்கு. மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள், அதைக் குப்பையில் போடுவது சுலபம். இன்னொன்று, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும், மக்கள் கொடுத்த காசுக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். வருடக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் பேரவையில் இருந்தபோது ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள், மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் காசு வானத்திலிருந்து விழாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் எங்கள் பட்டியலில் மிகப் பெரிய செலவு வாணவேடிக்கை. அதுவும் மூடுபனியில், யார் கண்ணுக்கும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா பெங்களூரில் அண்ணன் வீட்டில் இறந்தார், அங்கேயே தகனம் செய்துவிட்டோம். சாம்பல் ஒரு கலசத்தில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவலாஞ்சித் தண்ணீரில் கரைத்துவிடலாம் என்கிறார் அண்ணன், அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும். கத்தோலிக்கர் தகனம் செய்ததே பாவம் என்று இங்கே ஒரு பேச்சு.
வாசகர், ஊட்டி

தகனம் பாவமில்லை, 1963-லிருந்து சபை அனுமதிக்கிறது. உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்தால்தான் தடை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இடம் இல்லாமல் பழைய குழியையே திரும்பத் திறக்கிற நிலைமையில் இது இன்னும் அதிகமாகத்தான் ஆகும். ஆனால் சாம்பல் விஷயத்தில் அண்ணன் சொல்வதற்குச் சபை ஒத்துக்கொள்ளாது. 2016-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை, சாம்பலைத் தண்ணீரிலோ காற்றிலோ கரைக்க வேண்டாம், வீட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டாம், கல்லறை மாதிரிப் புனிதமான இடத்தில் வையுங்கள் என்கிறது. 2023 டிசம்பரில் இன்னொரு விளக்கம் வந்தது, அதன்படி இறந்தவர் வாழ்க்கையில் முக்கியமான ஓர் இடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளக் குடும்பம் கேட்டால் சபை அதிகாரிகள் யோசித்து அனுமதிக்கலாம். அதுவும் வைக்கத்தான், கரைக்க இல்லை.

இங்கே பலர் செய்வது, ஏற்கெனவே இருக்கும் குடும்பக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் கலசத்தை இறக்கி, ஃபாதர் மந்திரித்து மூடிவிடுவது. ஒரு முழ இடம் போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைக்க உங்களுக்கும் ஓர் இடம் வேண்டுமில்லையா, மழையில் அது அணைந்து அணைந்து போக, குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் திரும்பத் திரும்பப் பற்றவைக்கலாம். அவலாஞ்சிக்கு வேறொரு நாள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

மகன் பிளஸ் டூ. மூன்றாம் வகுப்பிலிருந்து பீடச் சிறுவன், கோயில் என்றால் முதல் ஆளாக நிற்பான். போன தவக்காலத்திலிருந்து பூசைக்கு வர மாட்டேன் என்கிறான், காரணம் சொல்வதில்லை. இழுத்துக்கொண்டு வா என்கிறார் கணவர். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டம்) எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.
ஒரு தாய், வெலிங்டன்

இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இழுத்தால் வருவான், கடைசிப் பெஞ்சில் போனோடு உட்காருவான், உங்கள் இருவருக்கும் பூசை போய்விடும்.

தவக்காலத்தில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் மன்னியுங்கள், என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். என் மகனும் பதினேழு வயதில் இப்படித்தான் நின்றான். ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னான்: ஒரு நாள் வாசகம் வாசிக்கும்போது ஊர்ப் பெயர் ஒன்றைத் தப்பாக உச்சரித்துவிட்டானாம், பூசை முடிந்து உடை மாற்றும் அறையில் பொறுப்பில் இருந்தவர் எல்லார் முன்னாலும் அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரித்தாராம். எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை, அன்றைக்கு அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். அது நான் செய்த தப்பு. பதினேழு வயதில் குரல் உடைந்துகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி முன்னால் நிற்பதே பெரிய தைரியம் என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சம்பவம் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே கேள்வி இருக்கும். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் பக்கத்து லைனில் அந்தச் சின்னக் குழந்தை ஏன் செத்தது என்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் நம் வீடுகளில் என்ன நடக்கும், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், அம்மா செபமாலையை எடுப்பார். அவன் கேட்டால் உட்கார்ந்து கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் பங்கில் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிற உதவிப் பங்குத்தந்தை யாராவது இருந்தால் காதில் போட்டு வையுங்கள், ஆனால் "அவனுக்குப் புத்தி சொல்லுங்கள் ஃபாதர்" என்று வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். என் கணவர் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் கொல்லைப் பக்கமாகப் போய்விட்டான், ஃபாதர் பாவம் இரண்டு டீ குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வேடிக்கை என்னவென்றால் மழைக்காலத்தில் என்னைக் குடை பிடித்துக் கோயில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுவது அவன்தான். விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு உட்காருவான். பூசை முடிந்து வெளியே வந்தால் எனக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருப்பான். இரண்டு வருடம் அப்படி ஓடியது. இப்போது அவனுக்கு 34 வயது, கோயம்புத்தூரில் வேலை. பெரிய வெள்ளிக்கு மட்டும் வருகிறான், சிலுவைப்பாதையில் கடைசியாக நடக்கிறான், சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கிறான். ஈஸ்டருக்கு இருப்பதில்லை, சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள், என்னைத் திட்டட்டும், உங்களைத் திட்டுவதற்குப் பதிலாக. அன்பியத்தில் கேட்டால் பரீட்சை, ஸ்பெஷல் கிளாஸ், காய்ச்சல் என்று கதை சொல்லாதீர்கள். அவன் காதுக்குப் போகும், அம்மா நமக்காகப் பொய் சொல்கிறாள் என்று இன்னும் ஒதுங்குவான். "வரவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் வாரம் முகத்தைப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் ஆளுக்கொரு நவநாள் செபம் சொல்லிக்கொடுப்பார்கள், மூன்றாவது வாரம் வேறு யார் வீட்டிலாவது ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.